பொதுக் கிணறும் பூட்டிய கிணறும்: கட்டற்ற மென்பொருள் குறித்து ஓர் அறிமுகம்

முன்னுரை

இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஓலைச்சுவடி ஒன்று கைக்குக் கிடைக்குமாயின், சுவடி படிக்கும் பயிற்சி உடைய ஒருவர் அதனை இன்றும் படித்துவிடுவார். செல்லரித்த இடங்கள் போக எஞ்சியவை நமக்கு உரியனவாகும். ஆனால், இருபது ஆண்டுகளுக்கு முன் கணினியில் சேமித்து வைத்த தமிழ்க் கோப்பு ஒன்றை இன்று திறந்தால், பல வேளைகளில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களும் குறிகளுமே திரையில் தோன்றுகின்றன. ஓலை தாங்கியதைக் கணினி தாங்கவில்லை.

இக்கட்டுரையாளர் தம் இளமுனைவர் பட்ட ஆய்வேட்டை 2004ஆம் ஆண்டில் ஒரு கணினி மையத்தில் தட்டச்சு செய்வித்தார். அங்குப் பயன்பட்ட தமிழ் எழுத்துரு ஒரு தனியார் நிறுவனத்துக்கு உரியது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அவ்வேட்டை நூலாக்க விழைந்து குறுந்தகட்டைத் திறந்தபோது ஒரு சொல்லும் படிக்க இயலவில்லை. அந்த எழுத்துருவும் கிடைக்கவில்லை; அதனை விற்ற நிறுவனமும் இல்லை. அச்சுப்படி ஒன்று வீட்டில் இருந்தமையால் 180 பக்கங்களையும் மீண்டும் தட்டச்சு செய்ய நேர்ந்தது. எழுதியவனுக்கே தன் எழுத்து அந்நியமாகிவிட்ட இந்நிலை ஏன் ஏற்பட்டது? இவ்வினாவுக்கு விடை தேடும்போது நாம் சென்றடையும் இடமே திறந்த தரநிலை, கட்டற்ற மென்பொருள் என்னும் இரு கருத்துக்களாகும். அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழுத்தும் எண்ணும்

கணினி எழுத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணைக் குறித்து வைத்தல் இன்றியமையாதது. ஆங்கிலத்திற்கு 1963ஆம் ஆண்டிலேயே ‘ஆஸ்கி’ என்னும் பொதுவான எண் அட்டவணை வெளியிடப்பட்டது. அதனைப் பலரும் ஏற்றமையால் ஓர் இயந்திரத்தில் எழுதிய ஆங்கிலம் மற்றோர் இயந்திரத்தில் ஆங்கிலமாகவே தோன்றியது.

தமிழுக்கு அத்தகைய உடன்பாடு நெடுங்காலம் அமையவில்லை. 1980களிலும் 1990களிலும் தமிழ் மென்பொருள் செய்தோர் ஒவ்வொருவரும் தத்தமக்கு உகந்தவாறு ஆங்கில எழுத்தின் எண்களில் தமிழ் எழுத்தின் வடிவங்களை ஏற்றினர். ஒருவர் ‘க’ வைத்த இடத்தில் மற்றொருவர் ‘ம’ வைத்தார். எனவே ஒருவரது கோப்பைப் படிக்க அவருடைய எழுத்துருவே வேண்டியிருந்தது. எழுத்துரு மறைந்தால் எழுத்தும் மறைந்தது.

ஊரில் உள்ள கடைக்காரர் ஒவ்வொருவரும் தத்தமக்கெனத் தனித்தனிப் படியும் மரக்காலும் வைத்துக்கொண்டு அளந்தால் வாணிகம் நடைபெறுமா? அளவை அனைவர்க்கும் பொதுவாக இருத்தல் வேண்டும் என்பது நேர்மையான சந்தையின் முதல் விதியாகும். அளவையில் குறைவு செய்வோரைக் கண்டித்துத் திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயமே அமைந்துள்ளமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. கணினி உலகின் பொதுவான படியும் மரக்காலுமே தரநிலை எனப்படுவது.

தமிழ் கண்ட தீர்வு

இக்குழப்பத்தைத் தீர்க்கும் முயற்சி வணிக நிறுவனங்களிடமிருந்து மட்டும் வரவில்லை என்பதைக் குறிப்பிடுதல் வேண்டும். 1997இல் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரியில் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் நடைபெற்றன. பல நாடுகளில் வாழ்ந்த தமிழ் ஆர்வலர்கள் தமக்குள் கலந்துரையாடி ‘டிஸ்கி’ என்னும் பொதுக் குறியேற்றத்தை உருவாக்கினர். சென்னை மாநாட்டின் வழியே ‘டாம்’, ‘டாப்’ என்னும் குறியேற்றங்களும், ‘தமிழ்99’ என்னும் விசைப்பலகையும் முன்வைக்கப்பட்டன.

1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற ‘மதுரைத் திட்டம்’ தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர் உழைப்பால் மின்வடிவமாக்கி யாவருக்கும் கட்டணமின்றி வழங்கிவருகிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய முனைவர் கு. கல்யாணசுந்தரம் இதனை முன்னின்று நடத்தினார். உமறுப்புலவரின் சீறாப்புராணமும் இத்தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. டிஸ்கியில் வெளிவந்த இந்நூல்கள் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. குறியேற்றம் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டிருந்தமையாலேயே இம்மாற்றம் எளிதாயிற்று. பூட்டிய எழுத்துருவில் அவை இருந்திருப்பின், எம் ஆய்வேட்டுக்கு நேர்ந்ததே அவற்றுக்கும் நேர்ந்திருக்கக்கூடும்.

ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தது. உலக மொழிகள் அனைத்தையும் ஒரே அட்டவணையில் அடக்க முனைந்த இத்தரநிலையில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இதில் ‘அ’ என்பதன் எண் 2949. சென்னையிலும் கொழும்பிலும் கோலாலம்பூரிலும் அவ்வெண் ‘அ’ என்பதையே குறிக்கும். ஒருங்குறியில் தமிழ் அமைந்த முறை குறித்துத் தமிழறிஞர் பலருக்கு மனக்குறை உண்டு. அகர வரிசை நீங்கலான உயிர்மெய் எழுத்துக்கள் தனித்தனி எண் பெறாமல், அகர உயிர்மெய்யும் குறியும் இணைந்தே உருவாகின்றன என்பது அக்குறையாகும். 2010 ஜூன் மாதம் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டபோது, ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் ‘டேஸ்16’ என்பதனையும் உடன் ஏற்றமைக்கு இதுவே காரணம். எனினும் ஒன்று தெளிவு. குறையுடைய பொதுத் தரநிலையைப் பற்றி வெளிப்படையாக வாதிடலாம். அதனைத் திருத்தக் கோரலாம். பூட்டிய தரநிலையைப் பற்றி வாதிடவும் வழியில்லை.

இதனால் நம் கல்லூரி போன்றவற்றுக்கு விளைந்த நன்மை தனிச்சிறப்புடையது. வலமிருந்து இடமாகச் செல்லும் அரபு எழுத்தும் இடமிருந்து வலமாகச் செல்லும் தமிழ் எழுத்தும் ஒரே வரியில் முறையாக அமைவதற்கான விதியை ஒருங்குறி வகுத்துள்ளது. அரபு மூலமும் தமிழ் உரையும் அடுத்தடுத்து வரவேண்டிய நூல்களுக்கு இது பெரிதும் துணைசெய்கிறது.

கட்டற்ற மென்பொருளின் தோற்றம்

தரநிலை என்பது அளவை. அவ்வளவையைக் கொண்டு தொழில் செய்யும் கருவியே மென்பொருள். கருவியும் பூட்டப்பட்டிருந்தால் என்ன நேரும் என்பதை ஒரு நிகழ்ச்சி விளக்கும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் பணியாற்றி வந்தார். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டால் பயன்படுத்துவோருக்குத் தகவல் செல்லுமாறு அதன் மென்பொருளை அவர் மாற்றியமைத்திருந்தார். பின்னர் ஜெராக்ஸ் நிறுவனம் புதிய லேசர் அச்சுப்பொறி ஒன்றை அக்கழகத்திற்கு வழங்கியது. அதிலும் தாள் சிக்கியது. ஆனால் அதனைத் திருத்துவதற்குரிய மூலநிரல் தரப்படவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அதனை வைத்திருந்த ஒருவரை அணுகியபோது, பிறர்க்குத் தருவதில்லை என்று தாம் உறுதியளித்திருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். அயலார்க்கு உதவுவதே குற்றமாகும் ஓர் ஒழுங்கு உருவாகிவருவதை ஸ்டால்மன் அன்று உணர்ந்தார்.

மூலநிரல் என்பது மனிதர் படித்தறியத்தக்க வடிவில் எழுதப்பட்ட கட்டளைத் தொகுதியாகும். அதனைச் சமையற்குறிப்பு எனலாம். நாம் விலைக்கு வாங்கும் மென்பொருள் சமைத்த உணவு போன்றது. உணவை உண்ணலாம், ஆனால் உப்புக் கூடியிருப்பின் குறிப்பின்றித் திருத்த இயலாது.

ஸ்டால்மன் 1983 செப்டம்பரில் ‘குனு’ திட்டத்தை அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். 1989இல் குனு பொது உரிமம் வெளிவந்தது. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸ் என்னும் கருநிரலை எழுதி, மறு ஆண்டில் அதனைக் குனு உரிமத்தின் கீழ்க் கொணர்ந்தார். இரண்டும் இணைந்து முழுமையான இயங்குதளம் ஒன்று உருவாயிற்று. இன்று உலகின் மிக விரைவான 500 மீக்கணினிகளின் பட்டியலை நோக்கினால், 2017 நவம்பர் முதல் அவை அனைத்தும் லினக்ஸ் வழியே இயங்குவதைக் காணலாம். கைப்பேசிகளில் உள்ள ஆண்ட்ராய்டின் அடித்தளமும் லினக்ஸே.

இலவசம் வேறு, விடுதலை வேறு

ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்னும் ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் குறித்து மயக்கம் தருகிறது. தமிழில் அம்மயக்கம் இல்லை. விலையின்மையை ‘இலவசம்’ என்றும், தடையின்மையைக் ‘கட்டற்ற’ என்றும் பிரித்துரைக்கிறோம். அரபியிலும் ‘மஜ்ஜானீ’, ‘ஹுர்ர்’ என இருவேறு சொற்கள் உள்ளன. கைப்பேசியில் கட்டணமின்றிக் கிடைக்கும் செயலிகளுள் பல இலவசமானவை. ஆனால் கட்டற்றவை அல்ல.

ஒரு மென்பொருள் கட்டற்றது எனப்பட வேண்டுமாயின் அது நான்கு உரிமைகளை நல்குதல் வேண்டும். எந்நோக்கத்திற்கும் இயக்கும் உரிமை. மூலநிரலைக் கற்றுத் தேவைக்கேற்ப மாற்றும் உரிமை. படியெடுத்துப் பிறர்க்கு வழங்கும் உரிமை. மாற்றிய வடிவத்தையும் பிறர்க்கு வழங்கும் உரிமை என்பன அவை. இவற்றுக்குக் கட்டணம் பெறுவதும் தடையன்று.

வக்ஃபும் பொது உரிமமும்

மதீனாவில் ரூமா என்னும் கிணற்றின் உரிமையாளர் தண்ணீரை விலைக்கு விற்றுவந்தார் என்பதும், உஸ்மான் (ரலி) அவர்கள் அக்கிணற்றை விலைகொடுத்து வாங்கி யாவர்க்கும் பொதுவாக்கினார் என்பதும் நாம் அறிந்த வரலாறே. வக்ஃபு செய்யப்பட்ட பொருளை விற்றலாகாது, வாரிசுரிமையாகப் பிரித்தலாகாது, அதன் பயன் மட்டும் மக்களைச் சென்றடையும்.

குனு பொது உரிமத்தின் நுட்பமும் இதனை ஒத்தது. ஆசிரியர் தம் உரிமையைக் கைவிட்டுவிட்டால், வலிமையுள்ள நிறுவனம் ஒன்று அதனை எடுத்துச் சிறிது மாற்றித் தனதென்று பூட்டிவிடக்கூடும். ஆகவே அவ்வுரிமம் ஆசிரியர் உரிமையைக் கைவிடுவதில்லை. அவ்வுரிமையைக் கொண்டே, இம்மென்பொருளை மாற்றி வழங்குவோர் அதே நான்கு உரிமைகளையும் பிறர்க்கு வழங்குதல் வேண்டும் என்று கட்டளையிடுகிறது. உடைமையைப் பொதுவாக்குவது மட்டுமன்றி, அப்பொதுமையை எவரும் கவர்ந்துகொள்ளாதவாறு காப்பதும் இதன் நோக்கமாகும். கிணற்று நீராவது இறைக்கக் குறையும். மென்பொருளோ படியெடுக்கக் குறைவதில்லை.

மனிதன் மறைந்த பின்னும் தொடரும் நற்செயல்களுள் நிலைத்த தருமத்தையும் பயன்தரும் கல்வியையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குறிப்பிட்டுள்ளார்கள். பிறர் பயன்பெறுமாறு எழுதி வழங்கப்படும் நிரல் இவ்விரண்டன் இயல்பையும் ஒருங்கே உடையது எனலாம். கணித வழிமுறையைக் குறிக்கும் ‘அல்காரிதம்’ என்னும் சொல்லே, ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்ததாகும். அவர் வகுத்தளித்த முறைகளை உலகம் எவரிடமும் உரிமம் கேளாமல் கற்றது.

நிறுவன ஆதிக்கத்தின் வழிகள்

ஒரு நிறுவனம் சிறந்த பொருளைச் செய்து பெருமை பெறுவதை எவரும் குறைகூறார். ஆனால், வாங்கியவர் வெளியேற இயலாதவாறு வாயிலை அடைப்பது வேறு. அவ்வாயில் பெரும்பாலும் கோப்பு வடிவமாகவும், கணினிகள் தமக்குள் பேசும் மொழியாகவும் அமைகிறது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அந்நிறுவனத்தின் வழங்கிகளோடு பிறருடைய மென்பொருள்கள் இணைந்து செயற்படுவதற்குரிய தகவலைத் தர மறுத்தமை உள்ளிட்ட காரணங்களுக்காக ஐரோப்பிய ஆணையம் 2004இல் 49.7 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2007 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அம்முடிவை முதன்மையான கூறுகளில் உறுதிசெய்தது. அதன் பயனாக, ‘சம்பா’ என்னும் கட்டற்ற மென்பொருளை எழுதிவந்தோர் அத்தொழில்நுட்ப ஆவணங்களை 10,000 யூரோ செலுத்திப் பெற முடிந்தது.

ஆவண வடிவத்திலும் இத்தகைய போட்டி நிகழ்ந்தது. ‘ஓப்பன் டாக்குமெண்ட்’ என்னும் திறந்த வடிவம் 2006இல் உலகத் தரநிலை நிறுவனத்தின் ஏற்பைப் பெற்றது. அதன்பின் மைக்ரோசாஃப்ட் தன் வடிவத்தையும் உலகத் தரநிலையாக்க முனைந்தது. 6,000 பக்கங்களுக்கும் மேற்பட்ட அவ்வாவணத்தைப் பிறர் முழுமையாகப் பின்பற்றுதல் அரிது என்று பலர் எதிர்த்தனர். 2007இலும் 2008இலும் இந்தியா எதிர்த்தே வாக்களித்தது. எனினும் 2008இல் அது தரநிலையாக ஏற்கப்பட்டது. ‘தரநிலை’ என்னும் பெயர் மட்டும் போதாது. பிறரும் அதனை எளிதிற் கையாள இயலவேண்டும் என்பது இதனால் பெறப்படும் பாடம்.

இதற்கு மாறான முன்மாதிரியும் உண்டு. உலகளாவிய வலை என்னும் தொழில்நுட்பத்தை, அது பிறந்த ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடம் 1993 ஏப்ரல் 30ஆம் நாள் யாவர்க்கும் பொதுவாக்கியது. அன்று உரிமத் தொகை கேட்கப்பட்டிருப்பின் இன்று நாம் காணும் வலை உருவாகியிருக்குமா என்பது ஐயமே.

நம் நாட்டில் மத்திய அரசு மின்னாளுகைக்கான திறந்த தரநிலைக் கொள்கையை 2010இலும், திறந்த மூல மென்பொருளை ஏற்கும் கொள்கையை 2015இலும் வெளியிட்டது. 2001இல் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கிய கேரளம், பின்னர் அதனைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றி நடத்திவருகிறது.

எழக்கூடிய ஐயங்கள்

நிரல் எழுதுவோர்க்கு வருவாய் ஏது என்பது முதல் ஐயம். நிரலை விற்பது ஒன்றே வருவாய்க்கு வழியன்று. நிறுவித் தருதல், பராமரித்தல், பயிற்சி அளித்தல் ஆகியவையும் தொழிலே. இவ்வழியில் வளர்ந்த ரெட்ஹேட் நிறுவனத்தை ஐபிஎம் 2019இல் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது.

இதனைப் பேணுவோர் யார் என்பது இரண்டாம் ஐயம். இது நியாயமானதே. இணையப் பாதுகாப்புக்குப் பெரிதும் பயன்படும் ‘ஓப்பன்எஸ்எஸ்எல்’ என்னும் கட்டற்ற மென்பொருளில் கடும் பிழை ஒன்று இரண்டு ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் இருந்து, 2014 ஏப்ரலில் வெளிப்பட்டது. உலகமே நம்பியிருந்த அம்மென்பொருளை மிகச் சிலரே போதிய பொருளுதவியின்றிப் பேணிவந்தனர் என்பது அப்போதுதான் தெரியவந்தது. பொதுக் கிணற்றில் நீர் இறைப்போர் பலர், தூர்வாருவோர் சிலர். பயன்பெறுவோர் பொருளாலோ உழைப்பாலோ கைகொடுத்தல் கடமையாகும்.

பழகிய மென்பொருளை விடுதல் கடினம் என்பது மூன்றாம் ஐயம். அச்சுத் தொழிலில் இன்னும் பழைய எழுத்துருக்களும் பழைய மென்பொருள்களும் வழங்குவதை நாம் காண்கிறோம். ஒரே நாளில் அனைத்தும் மாறிவிடா. ஆயினும் விலைகொடுக்க இயலாத நிறுவனங்கள் திருட்டுப் படியை நாடும் வழக்கம் நம்மிடையே உள்ளது. அறிந்தே அத்தகைய படியைக் கணினியில் பயன்படுத்துதல் நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றமாகும். அமானிதம் பேணுமாறு மாணவர்க்குப் போதிக்கும் நிறுவனம் அதனைச் செய்தல் தகாது. ‘லிப்ரெஆஃபிஸ்’ போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இருக்கையில் அதற்குத் தேவையும் இல்லை.

நாம் செய்யத்தக்கன

தமிழில் தட்டச்சு செய்யும் எதனையும் ஒருங்குறியிலேயே செய்தல் வேண்டும். ஆய்வேடு எழுதும் மாணவர்கள் அச்சுப்படியோடு திறந்த வடிவக் கோப்பு ஒன்றையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். நம் துறையின் பழைய மலர்களைத் தேடித் தொகுத்து ஒருங்குறிக்கு மாற்றும் பணியை மாணவர்கள் குழுவாக மேற்கொள்ளலாம். 2003இல் தொடங்கப்பெற்ற தமிழ் விக்கிப்பீடியாவில் இசுலாமியத் தமிழ்ப் புலவர்களைப் பற்றிய கட்டுரைகளை எழுதுதலும், கட்டற்ற மென்பொருள்களின் சொற்களைத் தமிழாக்குதலும் தமிழ் மாணவர்க்கு ஏற்ற தொண்டுகளாகும்.

சமுதாயப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். பள்ளிவாசல்களின் திருமணப் பதிவேடுகளும் வக்ஃபு சொத்துக் குறிப்புகளும் இன்று கணினிக்கு மாற்றப்பட்டு வருகின்றன. மென்பொருளை வாங்குமுன் ஒரு வினாவை எழுப்புதல் நலம்: ‘நாளை இந்நிறுவனம் இல்லாவிட்டால் எங்கள் பதிவுகளை நாங்களே படிக்க இயலுமா?’ விடை இல்லையென்றால் அம்மென்பொருள் எத்துணை அழகியதாயினும் அதனைத் தவிர்த்தலே அறிவுடைமை. ஓர் ஆய்வேட்டை மீண்டும் தட்டச்சு செய்துவிடலாம். ஒரு தலைமுறையின் திருமணப் பதிவுகளை எங்ஙனம் மீட்பது?

முடிவுரை

ஓலையைப் படியெடுத்துக் காத்த முன்னோர் எவரிடமும் உரிமம் பெறவில்லை. தாம் எழுதியதைப் பூட்டி வைக்கவும் இல்லை. அதனாலேயே நமக்குத் தமிழ் கிடைத்தது. நாம் அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்லும் எழுத்தும் அவர்களால் திறந்து படிக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். திறந்த தரநிலை அதற்குரிய அளவை. கட்டற்ற மென்பொருள் அதற்குரிய கருவி. இவ்விரண்டையும் ஆதரித்தல் பொறியாளர்க்கு மட்டும் உரிய பணியன்று. மொழியைக் கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் உரிய கடமையாகும். பொதுக் கிணற்றைப் பேணும் நல்லெண்ணத்தை இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக.